ஏலப் பாக்கி நோட்டில் பதினோராவது பெயர்

சபைப் பொருளாளர் பொறுப்பை ஏற்ற அன்று என் கைக்கு மூன்று சாமான்கள் வந்தன. பீரோ சாவி, பாதி தீர்ந்த ரசீதுப் புத்தகம், அப்புறம் நீல அட்டை போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'ஏலப் பாக்கி' என்று எழுதியிருந்தது. பழைய பொருளாளர் அதை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான் காரணம் புரிந்தது. பதினோராவது வரியில் என் பெயர். 'சேவல் 1, ரூ. 4,500.' பணம் செலுத்திய தேதிக்கான கட்டம் காலி. ஏலம் நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சேவலை அன்று ராத்திரியே குழம்பு வைத்துத் தின்றாயிற்று.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். அறுப்பின் பண்டிகை என்றால் இந்தப் பக்கத்துச் சபைகளில் ஆராதனை முடிந்ததும் ஏலம் உண்டு. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், ஆட்டுக்குட்டி, கோழி, முட்டை என்று வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் ஆலயத்தில் படைப்பார்கள். அதைச் சபையாரே ஏலத்தில் எடுப்பார்கள், பணம் சபைக்கு. ஒரு முட்டையை எடுத்தவர் அதைத் திருப்பிப் படைக்க, அடுத்தவர் எடுக்க, அப்படியே அந்த ஒரு முட்டை எண்ணூறு, தொள்ளாயிரம் சம்பாதித்துக் கொடுத்துவிடும். நல்ல கூத்தாக இருக்கும். ஆனால் மைக்கில் பெயர் சொல்வார்கள். வினை அங்கேதான்.

எனக்கு பஜாரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. அந்த வருஷம் சேவலுக்கு என்னோடு போட்டி போட்டவர் எதிர்ச் சாரியில் அதே வியாபாரம் செய்பவர். ஆயிரத்தைத் தாண்டியதுமே அது சேவல் ஏலமாக இல்லை, இரண்டு கடைகளின் ஏலமாகிவிட்டது. "நாலாயிரத்து ஐந்நூறு ஒரு தரம், ரெண்டு தரம்..." மூன்றாவது தரம் சொன்னதும் கைதட்டல். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

முந்தின நாள் சனிக்கிழமை. என் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஆறு நாள் கூலி 2,700 ரூபாய் கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரனுக்குச் செக் போட்டிருந்ததால் கல்லாவில் கை வைக்க மனமில்லை. 700 ரூபாய் கொடுத்து, "மிச்சத்தைத் திங்கக்கிழமை வாங்கிக்கோ" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஏலத்தின்போது அவன்தான் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, விளக்குமாற்றைக் கையில் எடுத்தபடியே கேட்டான்:

"சேவல் எத்தன கிலோ இருந்திச்சு அண்ணாச்சி?"

அதற்கு நான் சொன்ன பதில் ஞாபகமில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19இல் இருக்கிறது. வாலிபர் சங்கத்தில் மனப்பாட வசனப் போட்டிக்கு நானே ஒப்பித்த வசனம்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்து ஆராதனையின் ஒழுங்கைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். முதலில் சமாதானம். ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சொல்லிக்கொள்வோம். அதன் பிறகுதான் காணிக்கை. அப்பமும் திராட்சரசமும் காணிக்கைப் பணமும் ஒன்றாகவே பீடத்துக்கு வரும். இந்த வரிசை ஏனோதானோ என்று வந்ததில்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்பது மத்தேயு 5இல் இயேசு சொன்னது. குறை எனக்கு இருந்தால் என்று அதில் இல்லை. அவனுக்கு என்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. அந்தச் சேவல் வருஷம்வரை நான் அதைத் தலைகீழாகவே வாசித்திருந்தேன். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கூலி கணக்கு முடிந்த பிறகுதான் காணிக்கைக் கவரைத் தொடுவது.

பொருளாளர் ஆன பிறகு என்னுடைய முதல் வரவு நானே எழுதியது: ஏலப் பாக்கி ரூ. 4,500. ரசீதை என் பெயருக்கு நானே போட்டு, நானே கையெழுத்திட்டு, நானே வாங்கிக்கொண்டேன். நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப் பார்க்கிலும் நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5இல் இருப்பது பொருத்தனைக்குச் சொன்னது. ஏலத்துக்கும் சரியாகப் பொருந்தும். மற்ற பதினெட்டுப் பேரிடம் பாக்கி கேட்கப் போனபோது, "நீங்க கட்டிட்டீயளா?" என்று முதல் வீட்டிலேயே கேட்டார்கள். நல்லவேளை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு பின்னறையில் காணிக்கை எண்ணுவோம். சிவப்பு வெல்வெட் பைகளை மேசையில் கவிழ்த்தால் முதலில் விழுவது சில்லறை. அதற்கு மேல் நான்காய், எட்டாய் மடித்த பத்து ரூபாய் நோட்டுகள். டேப் ஒட்டியவை, மஞ்சள் கறை படிந்தவை, கடையில் எவனும் வாங்க மாட்டேன் என்று திருப்பியவை. ஒரு மாதம் எண்ணிய பிறகு என் மனைவியிடம் சொன்னேன், "ஊர்ல செல்லாத நோட்டெல்லாம் ஆண்டவருக்குத்தான் செல்லும்போல." அவள் சிரிக்கவில்லை. "நீங்க போட்டதும் அப்படித்தானே? பாட்டு ரெண்டாவது சரணம் வந்ததும் பைக்குள்ள கைய விட்டு, நூறா ஐந்நூறான்னு விரலாலயே தடவிப் பார்த்து, பத்தைத் தேடி எடுப்பீயளே" என்றாள். உண்மைதான். தாளைப் பார்க்காமலே மதிப்பைக் கண்டுபிடிக்கும் திறமை வியாபாரிக்கு உண்டு.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் எல்லாரும் சுவரில் எழுதி வைப்பது 'உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்' என்ற கடைசிப் பாதி. முன்பாதியில்தான் வேலை இருக்கிறது: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." நியமிப்பது என்றால் முன்னாலேயே தீர்மானிப்பது. முதல் நிருபத்தில் இன்னும் பச்சையாகச் சொல்கிறார். நான் வந்திருக்கும்போது பணஞ்சேர்க்குதல் இருக்கக் கூடாது, வாரத்தின் முதல்நாள்தோறும் தன்தன் வரவுக்குத் தக்கதாக அவனவன் தன்னிடத்திலே சேர்த்துவைக்கட்டும் என்கிறார். அதாவது பிரசங்கியார் வந்து உருக்கமாகப் பேசி, கண்ணீர் வந்து, அந்தச் சூட்டில் கொடுப்பது பவுலுக்கே வேண்டாம். பை நம்மிடம் வரும்போது தீர்மானம் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும்.

இதை என் அம்மா வசனம் சொல்லாமலே செய்தாள். உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் பால்டின் டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் அவரவர் டப்பாவை ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஒரு பெட்டியில் கொட்டுவார்கள். கைப்பிடி அரிசி என்று பெயர். மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் உண்டு. புஃபாய் தாம் என்பார்கள், 1910இல் அங்கே தொடங்கியது. அந்த மாநிலத்து மிஷனெரி ஊழியத்துக்குப் பெரிய பலமாக நின்றது அந்தப் பெண்கள் எடுத்து வைத்த அரிசி. அளந்து வைத்த அரிசியிலிருந்து எடுப்பதால் அன்றைக்கு ஒரு கவளம் குறையும். எங்கள் வீட்டில் அது யாருக்குக் குறைந்தது என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை.

அப்புறம் காலம் மாறி, சில வீடுகளில் உலைக்குப் பொன்னியும் டப்பாவுக்கு ரேஷன் அரிசியும் போனது. நானும் கொஞ்சமும் சளைத்தவன் இல்லை. சேவலுக்கு இரண்டு வருஷம் முன்னால் ஆலயத்துக்கு நான்கு மின்விசிறி உபயம் செய்தேன். பழைய மாடல், கடையில் மூன்று வருஷமாக விற்காமல் கிடந்தவை. ஒவ்வொரு இறக்கையிலும் குடும்பத்தின் பெயரைப் பெயின்டால் எழுதிக் கொடுத்தேன். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது, நின்றால்தான் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. கரண்ட் போகும்போது மட்டும் ஊருக்கே என் தர்மம் தெரியும். அர்வனா என்ற எபூசியன் தன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றபோது, இலவசமாய் வாங்கி என் தேவனுக்குப் பலி செலுத்த மாட்டேன் என்று சொல்லி, தாவீது ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தான். நான் எனக்கு ஒன்றுமே செலவாகாததைக் கொடுத்துப் பெயரும் எழுதிக்கொண்டேன்.

தசமபாகம் பற்றிச் சொல்லாமல் போனால் வாசிப்பவர்கள் விட மாட்டார்கள். ஊரில் ஒரு கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், மல்கியா 3ஐ விரித்து, "பத்தில் ஒன்று கொடுக்காதவன் ஆண்டவரைத் திருடுகிறான், அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்" என்றார். என் அம்மா அப்போது சிறுநீரகக் கோளாறோடு படுத்திருந்தாள். கைப்பிடி அரிசி ஒரு நாளும் தவறாதவள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் அந்த அதிகாரத்தை நானே உட்கார்ந்து வாசித்தேன். 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்று இருக்கிறது. பண்டசாலை என்றால் தானியக் கிடங்கு. அந்த ஆகாரம் ஆலய ஊழியம் செய்த, நிலம் இல்லாத லேவி கோத்திரத்தாருக்கானது. அது வராமல் போனதால் லேவியரும் பாடகரும் ஊழியத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டதை நெகேமியா 13இல் பார்க்கலாம். ஒரு ஜனமாகச் செய்த தவறுக்காகச் சொன்ன வார்த்தையை எடுத்து, நோயாளியின் கட்டில் மேல் எறிவது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். எண்ணாகமம் 18இல் லேவியருக்கு ஒன்று. அதை வாங்கும் லேவியர்கள் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஊழியர்கள் வாசிக்கலாம். உபாகமம் 14இல் இருப்பது என்னை அசத்தியது. விளைச்சலின் பத்தில் ஒன்றைக் கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோய், வீட்டாரோடு அங்கேயே சாப்பிட்டுச் சந்தோஷப்படு, லேவியனையும் கைவிடாதே. மூன்றாம் வருஷத்தின் பங்கை ஊரிலேயே வை, பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து தின்று திருப்தியடையட்டும். இதை வாசித்ததும் எனக்கு எங்கள் அசனம்தான் கண்ணில் வந்தது. வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் ஆடும் கொடுத்து, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகச் சமைத்து, யார் என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அது. கொடுத்தவனும் கொடுக்காதவனும் ஒரே இலையில்தான் சாப்பிடுகிறான். ஏலத்தைவிட அசனம் வேதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கமிட்டியில் சொன்னேன், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதிய ஏற்பாட்டு நிருபங்களில் பவுல் எந்த இடத்திலும் பத்து சதவிகிதம் என்று சபைக்குக் கட்டளை போடவில்லை. ஒற்தலாம் என்ற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கணக்குப் பார்த்தவர்களை இயேசு பாராட்டவும் இல்லை, விட்டுவிடு என்று சொல்லவும் இல்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே, இவைகளைச் செய்ய வேண்டும், அவைகளையும் விடக் கூடாது என்றார். எனக்குப் பத்து என்பது படிக்கட்டுக் கைப்பிடி மாதிரி. ஏறப் பழகும்போது பிடித்துக்கொள்ள உதவுகிறது.

சரி, வியாபாரிக்கு எதில் பத்து? என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கல்லாவில் விழுவதெல்லாம் நம் வருமானம் இல்லை. சரக்குக்காரன் பணம், வாடகை, கூலி, ஜிஎஸ்டி எல்லாம் அதில் கலந்து கிடக்கும். ஆரம்பத்தில் அன்றாட வசூலில் எடுத்து, மாதக் கடைசியில் சரக்குக்காரனுக்குப் பணம் இல்லாமல் விழித்தேன். இப்போது ஒவ்வொரு மாதமும் வீட்டுச் செலவுக்கென்று கடையிலிருந்து நான் எடுக்கும் தொகைக்கு முதலில் பங்கு வைப்பேன். 30,000 எடுத்தால் 3,000 உடனே தனிக் கவருக்கு. மளிகைச் சிட்டை எழுதுவதற்கு முன்னால். மார்ச் முடிந்து ஆடிட்டர் கணக்கு வந்ததும் மீதி லாபத்துக்குக் கணக்குப் பார்ப்பேன். கவரை மூன்றாகப் பிரிப்போம்: சபைக்குப் பாதி, மிஷனெரி ஊழியத்துக்குக் கொஞ்சம், மிச்சம் ரசீது இல்லாத இடத்துக்கு. ரசீது இல்லாத இடம் என்றால் பக்கத்து வீட்டு ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரி பஸ் காசு மாதிரி. இந்தக் கடைசிப் பங்கை முடிவு செய்வது மனைவி. அவளுக்குத்தான் தெருவில் யார் வீட்டில் புகை வரவில்லை என்று தெரியும். கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. வட்டிக்கு வாங்கியது 'உள்ளது' ஆகாது.

இப்போது தூணில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறோம். வசதிதான், வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். ஆனால் செல்போனில் அனுப்பிவிட்டு அப்பா சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும்? என் மகளிடம் கவரில் பணம் வைக்கும் வேலையைச் சனிக்கிழமை ராத்திரி கொடுத்துவிட்டேன். ஒரு தடவை கடையில் அடி வாங்கிய மாதம், "அப்பா, இந்தத் தடவ கம்மியா இருக்கே" என்றாள். வியாபாரம் எப்படி என்று அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

எண்ணுவதில் ஒரு பாடம் பட்டேன். கல்யாண முகூர்த்த ஞாயிறு ஒன்றில் கூட எண்ண ஆள் இல்லாமல் நான் தனியாக எண்ணி, பணத்தை வீட்டில் வைத்து, மறுநாள் பாங்கில் கட்டினேன். கட்டிய சீட்டுக்கும் நோட்டுக்கும் 340 ரூபாய் வித்தியாசம். கூட்டல் பிழைதான், பிறகு கண்டுபிடித்தேன். அதற்குள் டீக்கடை வரை போய்விட்டது. யோவாஸ் ராஜா காலத்தில் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பீடத்தண்டையில் வைத்தான் என்று 2 இராஜாக்கள் 12 சொல்கிறது. நம்ம காணிக்கைப் பெட்டிக்கு அதுதான் தாத்தா. பணம் நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும், அதாவது கணக்கனும், பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள். 'உண்மையாய்ச் செய்தபடியால் கணக்குக் கேட்கவில்லை' என்ற வசனத்தைக் கமிட்டியில் ஒருவர் அடிக்கடி எடுத்து விடுவார். அது வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியது. எண்ணும்போது இரண்டு பேர் இருந்தார்கள் என்று ஐந்து வசனம் முன்னால் இருக்கிறதே என்று காட்டினேன். இப்போது இரண்டு பேர் எண்ணி, அங்கேயே கையெழுத்துப் போடாமல் பூட்டு திறக்காது.

கவர்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி மாதாமாதம் 100 ரூபாய் வைத்த கவர் போடுவார். அரசாங்கத்து முதியோர் உதவித்தொகைதான் அவருக்கு வருமானம். 2023 ஆகஸ்ட்டில் அந்தத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். கூட்டிய பணம் அவர் கைக்கு வந்த மாதம் கவரைப் பிரித்தால் 120 ரூபாய். ஒரு நூறு, இரண்டு பத்து. எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கு அதை வாங்க மனம் ஒப்பவில்லை. இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி மாற்கு 12இல் வாசிக்கிறோம். அதற்குச் சரியாக முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். பாட்டியின் கவரை வாங்கிப் பெயின்ட் அடிக்கும் சபை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பயம். எங்கள் சபைக் குருவானவரான ஐயரிடம் கேட்டேன். "திருப்பிக் கொடுக்காதீங்க. அவங்க பேரு உதவிப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க" என்றார். பார்த்தேன், இல்லை. சேர்த்தோம். இருந்தாலும் மனசு கேட்காமல் பாட்டி வீட்டுக்கே போய், "மருந்துக்கு இருக்கட்டுமே பாட்டி, நூறே போதுமே" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, நான் வாங்குறதுக்கு மட்டுந்தான் லாயக்குன்னு நெனச்சிட்டியோ?"

காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

போன வருஷ அறுப்பின் பண்டிகையில் மைக் என் கையில். ஏலத்தில் இரண்டு மாற்றம் கேட்டு ஒரு மாற்றம் கிடைத்திருந்தது. பெயர் சொல்வதை நிறுத்தலாம் என்றதற்குக் கமிட்டி சம்மதிக்கவில்லை. கையில் பணம் இல்லாமல் கேட்கக் கூடாது என்றதற்குச் சம்மதித்தார்கள். நான் 300 ரூபாயை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். பாட்டி வீட்டு முருங்கைக்காய்க் கட்டு வந்தது, வாழைநாரால் கட்டிய பத்துக் காய். நூற்றில் ஆரம்பித்து நானும் பின்வரிசையில் ஒரு குரலும் ஏறினோம். 300 என்றேன். "முந்நூத்திப் பத்து" என்றது பின்குரல். நான் நிறுத்திக்கொண்டு மூன்று தரம் சொல்லி முடித்தேன்.

நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தவன் என் கடைத் தம்பி. பழக்க தோஷத்தில், "எழுதிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, கையோட தாரேன். ரசீது போடுங்க" என்றான்.